கேத் லேப் இருக்கிறது, அலமாரியில் சரக்கு இல்லை: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் கேத் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறைதான் கேத் லேப். மருத்துவன் இல்லை. ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று எக்ஸ்ரே கருவியை நகர்த்தியவன், வயரும் பலூனும் எடுத்துக் கொடுத்தவன். எந்த அளவு ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் விரித்து வைக்கும் வலைக்குழாய்) எத்தனை கையிருப்பில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கையிருப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

சாலை விபத்தில் ரத்தக்குழாய் கிழிந்து வருகிறவர்களில் பலரை, நெஞ்சையோ வயிற்றையோ திறக்காமல், தொடையில் போடும் ஒரு சின்னத் துளை வழியாகவே காப்பாற்ற முடிகிற காலம் இது. அதற்கு வேண்டிய கருவி நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஏற்கெனவே நிற்கிறது. மாரடைப்புக்காக வாங்கிய அதே கேத் லேப்தான். அடிபட்டு வருகிறவர்களுக்கு அது உதவாமல் போவதற்குக் காரணம் கருவி இல்லாதது அல்ல. சரியான அளவுப் பொருள் அலமாரியில் கிடையாது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது. அவ்வளவுதான் விஷயம். கட்டடம் கட்ட வேண்டியதில்லை, அடிக்கல் நாட்ட வேண்டியதில்லை. ஒருவேளை அதனாலேயே யார் கண்ணிலும் படவில்லையோ என்னவோ.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அந்த ஆண்டு இறந்தவர்கள் 17,884 பேர். தலைக்காயத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஹெல்மெட், நரம்பியல் பிரிவு, வென்டிலேட்டர் என்று அதற்கு ஓர் ஓட்டம் இருக்கிறது. எலும்பு முறிவுக்கும் அப்படித்தான். ரத்தக்குழாய்க் காயம் மட்டும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொண்டு வரும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, உள்ளே லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

உங்களுக்குத் தெரியாததில்லை என்றாலும், மற்றவர்களும் படிக்கிற மடல் என்பதால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தொடையிலோ கையிலோ ஊசியால் தமனிக்குள் போய், ஒரு மெல்லிய வயரை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கிழிந்த இடம்வரை கொண்டுபோவார்கள். அந்த வயர் மேலேயே, துணி போர்த்திய ஸ்டென்ட்டைத் தள்ளிக் கிழிசலுக்கு நேராக விரிப்பார்கள். கவர்டு ஸ்டென்ட் என்போம். வழக்கமாக சைக்கிள் ட்யூபுக்கு வெளியிலிருந்து பஞ்சர் ஒட்டுவார்கள். இது உள்ளிருந்து ஒட்டுவது. கசிவது பெரிய குழாயாக இல்லாமல் அடைத்தாலும் பரவாயில்லை என்கிற கிளையாக இருந்தால் காயில் என்கிற மெல்லிய கம்பிச் சுருளைப் போட்டு அடைத்துவிடுவார்கள். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே ரத்தம் கொட்டும்போது பல நேரம் அந்தக் காயில்கூட வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் எப்போதும் இருக்கிற ஜெல்ஃபோம் என்கிற ஜெலட்டின் பஞ்சைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, சாய மருந்தில் ஊறவைத்து, இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளிக் கூழாக்கிக் கதீட்டர் என்கிற மெல்லிய குழாய் வழியே செலுத்தினால் ரத்தம் நிற்கும். சில வாரங்களில் அது தானே கரைந்துவிடும். விலை என்று பார்த்தால் அந்த மேசையில் இருப்பதிலேயே மலிவான பொருள்களில் ஒன்று.

நெஞ்சுக்குள் நடப்பது வேறு மாதிரி. கார் வேகமாகப் போய் எதிலாவது மோதினால் உடம்பு நின்றுவிடும்; இதயமும் அதிலிருந்து வளைந்து வரும் பெருந்தமனியும் இன்னும் முன்னே போகப் பார்க்கும். முதுகெலும்போடு ஒட்டிக் கீழே இறங்கும் பகுதியோ அசையாது. இடது கைக்கான கிளை பிரிந்ததற்கு அடுத்தாற்போல், இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கிழியும். 1958-ல் அமெரிக்காவில் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வு ஒன்றின்படி, இப்படிக் கிழிந்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் மருத்துவமனையைப் பார்ப்பதற்குள்ளேயே இறந்திருந்தார்கள். தப்பி வருகிறவருக்குக் குழாயின் வெளிப்பூச்சு மட்டும்தான் ரத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அவரைப் பழைய முறையில் காப்பாற்ற இடது மார்பைத் திறந்து, பெருந்தமனியைக் கவ்வியால் பிடித்து, செயற்கைக் குழாய் தைக்க வேண்டும். கவ்வி போட்டிருக்கும் நேரத்தில் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழந்து போகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் அமெரிக்காவின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கம் 2011-லேயே, உடல் அமைப்பு இடம் கொடுத்தால், மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாயின் உள்வழியாகவே துணி போர்த்திய குழாயைக் கொண்டுபோய் வைப்பதே மேல் என்று வழிகாட்டியது.

இது பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒரு தகவல். பெருந்தமனியின் நெஞ்சுப் பகுதியில் இப்படி உள்வழிக் குழாயை உலகில் முதன்முதலாக வைத்தவர் நிக்கோலாய் வலோடோஸ். வைத்த இடம் நியூயார்க்கோ லண்டனோ அல்ல, அன்றைய சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனின் கார்கிவ். ஆண்டு 1987. அந்த நோயாளிக்கு வந்திருந்ததும் வயதானவர்களுக்கு வரும் வீக்கம் இல்லை. அடிபட்டதால் பெருந்தமனியில் உண்டான பொய் வீக்கம். வைத்த குழாயையும் அவர்களே வடிவமைத்துச் செய்துகொண்டார்கள்.

இனி எங்கள் அலமாரிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, இருபத்து சொச்சம் வயதுப் பையன் ஒருவனைத் தாலுகா மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் பைக்கோடு மோதியவன். காறை எலும்பு முறிந்திருந்தது, அதற்குக் கட்டும் போட்டிருந்தார்கள். அனுப்புச் சீட்டில் எலும்பைப் பற்றி இருந்தது, மணிக்கட்டு நாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்களிடம் வந்தபோது அக்குளில் ஒரு தேங்காய் அளவு வீக்கம், விரல்கள் சில்லிட்டிருந்தன. சி.டி. எடுத்துப் பார்த்தால் காறை எலும்புக்கு அடியில் ஓடும் தமனி கிழிந்து கசிந்துகொண்டிருந்தது.

திறந்து செய்வது என்றால் மார்பெலும்பை அறுக்கவோ காறை எலும்பை வெட்டவோ வேண்டியிருக்கும். அதுவும் ஏற்கெனவே ரத்தம் ஊறிப் போன இடத்தில். அறுவை மருத்துவர் தயங்கியது நியாயம். அந்த நேரம் மாரடைப்புக் கேஸ் ஒன்றை முடித்துவிட்டு இதய மருத்துவர் கேத் லேபிலேயே இருந்தார். "வயரை நான் தாண்டிடுவேன், வைக்க என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அலமாரியைத் திறந்தேன். 2.5, 2.75, 3, 3.5 மில்லிமீட்டர். மிகப் பெரியது 4. இதயத்துக்கு அது போதும். தோளுக்குப் போகும் தமனிக்கு 7, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கவர்டு ஸ்டென்ட் வேண்டும். கம்பெனிப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார், பாவம். "சென்னைலதான்ணே இருக்கு, காலைல முதல் பஸ்ஸுல போட்டு விடுறேன்" என்றார். சாயங்காலம்தான் வந்து சேரும். இதற்கிடையே காப்பீட்டுக் கவுண்டரில் இன்னொரு கூத்து. இரவுப் பணியில் இருந்த பெண்ணுக்கு இதய ஆஞ்சியோவுக்கு எப்படிப் பதிவது என்று அத்துப்படி. தோளில் ஸ்டென்ட் என்றால் எந்தத் தலைப்பு என்று தேடிக்கொண்டே இருந்தார். பையனின் அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "தம்பி, அடிபட்டது தோள்லதான, எதுக்கு ஆஞ்சியோங்கிறாங்க? இதயத்துலயும் ஏதும் ஆகிருச்சா?"

விடிவதற்குள் அவனை ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தான். கை தேறவில்லை. தோளில் கைக்கு வரும் நரம்புகளும் அறுந்திருந்ததால் கை எப்படியும் முழுசாகத் திரும்பியிருக்காது என்று பின்னால் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அன்றிரவு அவன் அத்தனை கிலோமீட்டர் போனது நரம்புக்காக அல்ல, எங்களிடம் இல்லாத ஒரு 8 மில்லிமீட்டர் சாமானுக்காக.

ஏன் இல்லை? வாங்க மனமில்லாமல் இல்லை. இதய ஸ்டென்ட் தினமும் போகும் சரக்கு. கம்பெனியே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகும், எடுத்துப் பயன்படுத்தினால் காசு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பும் வைத்துவிட்டது. விபத்துக் காயத்துக்கான கவர்டு ஸ்டென்ட் அப்படி இல்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த உச்சவரம்பு உத்தரவும் இதய ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான் வந்தது. மருத்துவமனையே வாங்கி வைத்தால் காலாவதித் தேதி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று காலாவதியானால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டோர் பொறுப்பாளர். அவர் ஏன் தலையைக் கொடுப்பார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொருள் இல்லாமல் ஒரு கை போனால் எந்த ஆடிட்டும் வராது, பொருள் அலமாரியில் காலாவதியானால் வரும்.

இதை ஒரு மருத்துவமனை டீனால் சரிசெய்ய முடியாது. உங்கள் துறையால் முடியும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துக் கொள்முதலை மாநிலம் முழுக்க ஒரே கையில் கொண்டுவந்து மற்ற மாநிலங்களுக்கே வழி காட்டிய துறை இது. அந்தக் கழகம் கம்பெனிகளோடு ஒரே ஒப்பந்தம் போடட்டும்: கேத் லேப் உள்ள அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் 6-லிருந்து 10 மில்லிமீட்டர் வரை கவர்டு ஸ்டென்ட் சில, அவற்றுக்குப் பொருந்தும் பலூனும் ஷீத்தும் (தமனிக்குள் நுழையும் வழிக்குழாய்), சில அளவுகளில் காயில், சின்னக் கிளைக்குள் போக இரண்டு மைக்ரோ கதீட்டர். பயன்படுத்தினால் மட்டும் பணம். காலாவதி நெருங்கினால் அதிகம் செலவாகும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்வது கம்பெனியின் வேலை. நெஞ்சுப் பெருந்தமனிக்கான பெரிய குழாய்கள் மாவட்டந்தோறும் வேண்டாம். அவை விலையும் அதிகம், அளவுகளும் பல. சென்னை, மதுரை, கோவை என்று மண்டலத்துக்கு ஓரிடத்தில் இருந்தால் போதும். அந்த நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பெரும்பாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியும். மற்ற ரத்தக்கசிவுகளை முதலில் பார்க்கலாம். தோளிலும் இடுப்பிலும் கொட்டுகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

அப்புறம் ஆள். ரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் இந்த வேலைக்கென்று பயின்ற கதிரியக்க மருத்துவரும் எல்லா மாவட்டத்துக்கும் நாளைக்கே கிடைத்துவிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதய மருத்துவர்கள் இருக்கிறார்கள். வயரும் கதீட்டரும் அவர்கள் கைக்குப் பழகியவை. தோள், இடுப்பு என்று குறிப்பிட்ட சில காயங்களுக்கு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவு மாதிரி ஓரிடத்தில் இரவும் பகலும் போனில் ஒருவர் இருந்து சி.டி. படத்தைப் பார்த்து "இது செய்யலாம், இது வேண்டாம், அனுப்பு" என்று சொன்னால் பாதித் தயக்கம் தீரும். மாரடைப்புக்கு இதே மாநிலம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. சின்ன மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு நம்மிடம் உண்டு. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு இருக்கும் பாதை, பைக்கிலிருந்து விழுந்த இருபது வயதுக்காரனுக்கு இல்லை.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் 81 வகைச் சிகிச்சைகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, யார் எவர் என்று பார்க்காமல் ஏற்றுக்கொண்டது. நல்ல திட்டம். இதில் குழாய் வழி ரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கு இடுப்பு, தோள், வயிறு, கால் என்று உறுப்பின் பெயரோடு தெளிவான தலைப்புகள் இருக்கட்டும்; பொருளின் விலை தனியாகக் கணக்கில் வரட்டும். அனுமதி வாங்கிவிட்டுச் செய்வதற்குப் பதில் செய்துவிட்டுத் தெரிவிப்பது என்று இருக்கட்டும். கவுண்டரில் அந்தப் பெண் தேடிய தலைப்பு அவர் கண்ணெதிரே சுவரில் ஒட்டியிருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேத் லேபுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜல்லிக்கட்டில் மாடு குத்தித் தொடை இடுக்கில் தமனி கிழிந்தவரை அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தால், அவருக்கு வேண்டியது நேரே ஆபரேஷன் தியேட்டர். அந்த இடம் கைக்கு எட்டுவது. திறந்து தைப்பதே நல்லது. இடுப்பு மடிகிற இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் நாளடைவில் நெளியும், உடையும். மண்ணும் சாணியும் கலந்த காயத்தில் ஸ்டென்ட்டை வைத்தால் சீழ் பிடிக்கும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி அறுந்தவருக்கும் பெரும்பாலும் இன்னொரு காலிலிருந்து சிரையை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். கூடவே வீங்கிய தசையின் உறையைக் கீறி விடவும் வேண்டியிருக்கும், அதைக் குழாய் வழியாகச் செய்ய முடியாது. தலையிலும் அடிபட்டிருந்தால் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடவே யோசிக்க வேண்டும். பெருந்தமனிக்குள் பலூனை ஊதி ரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் முறை ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் அதைச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது இறப்பு குறையவில்லை. கூடியிருக்கவே வாய்ப்பு என்று தெரிந்தது. ஆகவே புதிது என்பதற்காக எதையும் வாங்கச் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு: இருபது வயதில் வைத்த ஸ்டென்ட்டை அறுபது வயது வரை யாராவது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை தேடித் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விடும் பையன்களை யார் கூப்பிட்டு எடுக்கப் போகிறார்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

கருவியை விடவும் ஏற்பாடுதான் உறுப்பைக் காப்பாற்றும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தமனியைத் தைக்கும் நுட்பத்துக்காக அலெக்சிஸ் காரெலுக்கு நோபல் பரிசு கொடுத்தது 1912-ல். அதற்கு முப்பது வருடம் கழித்து நடந்த இரண்டாம் உலகப் போரில்கூடக் காயம்பட்ட தமனியைப் பெரும்பாலும் கட்டிப் போட்டுத்தான் விட்டார்கள். அமெரிக்கப் படையினரின் 2,471 தமனிக் காயங்களைப் பார்த்த அறுவை மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனும் 1946-ல் எழுதியபடி, கட்டிப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கை கால் போனது. கொரியப் போரில் அது சுமார் 13 சதவீதமாக இறங்கியது. ஊசியும் நூலும் அப்போதுதான் வந்தனவா? இல்லை. காயம்பட்டவனை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு, பக்கத்திலேயே தைக்கத் தெரிந்தவர் இருக்கும் நடமாடும் அறுவை மருத்துவமனைக்குச் சீக்கிரம் கொண்டுபோனார்கள். கட்டுவதை விட்டுத் தைக்க ஆரம்பித்தார்கள்.

நம்முடைய சீக்கிரம் எங்கே தொலைகிறது என்றால் முதல் மருத்துவமனையில். ரத்தம் போகாத கால் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் காப்பாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும். அந்த ஆறில் நாலு மணி, முழங்கால் மூட்டு விலகியதைச் சரி செய்து மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்ததிலேயே போய்விடுகிறது. கட்டுக்குள் கால் நீலம் பாய்வது யாருக்கும் தெரிவதில்லை. இதற்கு கேத் லேப் வேண்டாம், இரண்டு விரல் போதும். 108 ஆம்புலன்ஸ் சீட்டிலும் அனுப்புச் சீட்டிலும் ஒரு வரி சேருங்கள்: இரண்டு மணிக்கட்டு, இரண்டு பாதம், நாடி உண்டா இல்லையா, பார்த்த நேரம். அதை நிரப்பாமல் சீட்டுப் போகக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்று இருந்தால் நர்ஸே இதைப் பார்த்துவிடுவார். இரவு டியூட்டியில் தனியாக நிற்கும் இளம் டாக்டரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மூன்று ஸ்ட்ரெச்சர் வந்து நின்றால் சீட்டில் இருப்பதைத்தான் அவர் பார்ப்பார். சீட்டில் நாடி இருந்தால் நாடியையும் பார்ப்பார்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி, விபத்துக் கேஸ் அதிகம் வரும் இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை எடுத்து ஒரு வருடம் செய்து பாருங்கள். ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள்: அடிபட்ட நேரம், நாடி பார்த்த நேரம், சி.டி. நேரம், குழாய்க்குள் வயர் போன நேரம், எந்தப் பொருள் இல்லாமல் எத்தனை பேரை வெளியூருக்கு அனுப்பினோம், எத்தனை கை கால் எடுக்க வேண்டி வந்தது. பதிவேட்டின் கடைசி இரண்டு விவரங்களையும் யாரும் அழகுபடுத்தாமல் எழுதினால் இரண்டாம் வருடம் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

அலமாரியில் இருக்க வேண்டியவை இவை என்று அளவோடும் நீளத்தோடும் ஒரு பட்டியலை, எங்கள் மருத்துவர்கள் இருவரைக் கேட்டுத் திருத்தி, இந்த மடலோடு தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு பக்கம்தான். கொள்முதல் பிரிவில் விவரம் தெரிந்த யாராவது அதைப் படித்து, இதில் எது அதிகம், எது குறைவு என்று பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு கேத் லேப் டெக்னீஷியன்